ஒரு மௌஸ், நாலு பிள்ளைகள்

எங்கள் பாடசாலைக் கணினி அறைக்குள் போவதென்றால் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கோயில் மாதிரி. உள்ளே மொனிட்டருக்கெல்லாம் துணியுறை, செம்மண் புழுதி படக்கூடாதாம். பன்னிரண்டு கணினியில் ஓடுவது ஏழு. தரம் எட்டில் பிள்ளைகள் 28 பேர். ஒன்றுக்கு நாலு பேர், மௌஸ் ஒருவர் கையில். யார் கையில் என்றால், வீட்டில் ஏற்கெனவே கணினி உள்ள பிள்ளையின் கையில், இல்லாவிட்டால் வாய்க்காரப் பொடியன் ஒருவனின் கையில். மற்ற மூன்று பேரும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். இதைத்தான் நாங்கள் கணினிக் கல்வி என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்த வகுப்புக்கு ஆளுக்கொரு டெப், அதாவது தொடுதிரைக் கைக்கணினி, தருவதாகச் சொன்னபோது முதலில் எதிர்த்தது நான்தான். கேம் விளையாடுவார்கள், உடைப்பார்கள், அந்தக் காசுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தாருங்கள் என்றேன். (தொட்டி இன்னும் கட்டவில்லை, அது வேறு கதை.)

நான் கணிதம் படிப்பிப்பவன். திசைகொண்ட எண்கள் என்ற பாடம் வந்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். மறை மூன்றிலிருந்து மறை ஐந்தைக் கழித்தால் நேர் இரண்டு எப்படி வரும்? கரும்பலகையில் எண்கோடு கீறி, முன்னும் பின்னும் நடந்து காட்டி, "விளங்கிச்சுதா?" என்றால் முழு வகுப்பும் "ஓம் சேர்" என்று ஒரே குரலில் சொல்லும். அந்த ஓமை நம்பித்தான் இத்தனை வருடமும் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன்.

டெப் வந்த பிறகு அதே பாடத்தை வீட்டுக் குசினியில் இருந்து போனில் ஏழு நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டேன். கடைசி வாங்கில் ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவள். அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எண்கோட்டில் நான் திரும்பி நடக்கிற இடம் வந்ததும் நிறுத்துகிறாள், விரலால் பின்னுக்கு இழுக்கிறாள், திரும்பப் பார்க்கிறாள். கொப்பியில் எழுதி, அழித்து, தாள் தேய்ந்து ஓட்டை விழுகிற அளவுக்கு அழித்து, மறுபடி பின்னுக்கு இழுக்கிறாள். ஐந்து தரம். எல்லோருக்கும் முன்னால் எழும்பி ஐந்து தரம் கேட்டிருப்பாளா? சத்தியமாக இல்லை. கேட்டிருந்தாலும், உண்மையைச் சொன்னால், மூன்றாவது தரத்திலேயே என் முகம் மாறியிருக்கும். டெப்புக்கு முகம் இல்லை, அது அவளுக்கு வசதியாகப் போய்விட்டது.

இன்டர்நெட் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். கோலிப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு லப்டொப்பில் அதைப் போட்டு, ஒரு சின்ன ரவுட்டரை வைத்தால் போதும், வகுப்புக்குள்ளேயே எல்லா டெப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும். வீடியோவும் பயிற்சியும் அதில். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் ஒருதரம் இறக்கி டெப்பிலேயே போட்டுவிட்டோம். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் பிழை விட்டார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. முன்பு தவணைப் பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் அது தெரியவரும், அதற்குள் பிள்ளைகள் அந்தப் பாடத்தையே மறந்திருப்பார்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகளைப் பூட்டியபோது வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோமே, நினைவிருக்கிறதா? வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வயலுக்குக் கொண்டுபோய்விடுவார். இரவு அவர் வந்த பிறகுதான் மூன்று பிள்ளைகளும் அடிபட்டுக்கொண்டு பார்க்கும். சிக்னலுக்காகக் குளக்கட்டில் போய் நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் விழுந்த இடைவெளி இன்னும் கொப்பிகளில் தெரிகிறது.

சரி, பொருளைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பெரு நாட்டில் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தில் ஏராளமாகக் கொடுத்தார்கள். 319 கிராமப் பாடசாலைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வந்தது. கணிதத்திலோ மொழியிலோ புள்ளி கூடவில்லை. பொதுவாக யோசிக்கும் திறனில்தான் கொஞ்சம் முன்னேற்றம். ஆசிரியருக்குப் போதிய பயிற்சி இல்லை, கணினிக்குள் இருந்தவற்றுக்கும் பாடத்திட்டத்துக்கும் தொடர்பில்லை. எங்கள் டெப் பெட்டிகளும் வந்து மூன்று மாதம் அலுமாரிக்குள்தான் கிடந்தன, ஏனென்றால் பாடம் ஏற்ற ஆள் இல்லை. பிறகு நானே இரவிருந்து ஏற்றினேன்.

இப்போதும் கரைச்சல் இல்லாமல் இல்லை. 28 டெப்பையும் சார்ஜ் போடுவது ஒரு தனி உத்தியோகம். இரண்டுக்குக் கண்ணாடி வெடித்துவிட்டது. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், நாங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவர்கள், யுனிகோட் விசைப்பலகையை அவர்களோடு சேர்ந்து நாங்களும் இப்போதுதான் பழகுகிறோம். இன்னும் வீட்டுக்குக் கொடுத்து விடுவதில்லை, பூட்டித்தான் வைக்கிறோம். அதில் எனக்கு உடன்பாடில்லை, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

போன கிழமை அந்தப் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். பத்துக்கு எட்டு. எங்கே விளங்கியது என்று கேட்டேன். "நாய் குலைக்கிற இடத்துக்குப் பிறகு, சேர்" என்றாள். வீட்டுக்குப் போய் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நாலாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டு நாய்.