வெள்ளவத்தை ஃபிளட்டில் லப்டொப் வைஃபையோடு பட்ட பாடு

வீட்டில் எல்லாருடைய போனிலும் வைஃபை ஒழுங்காக ஓடும், லப்டொப்பில் மட்டும் விட்டு விட்டு அறுந்துகொண்டிருக்கும். இந்தப் பிரச்சினையோடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேடிப் பார்த்தால் கிடைக்கும் யோசனைகளை எல்லாம் ஒரே நாளில் செய்துபார்த்தால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும். நான் வேறு வழியில் போனேன். எந்த இடத்தில் அறுகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்குப் பிறகுதான் எதையும் தொட்டேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் நாலாம் மாடி. நான் வேலை செய்வது பின்பக்க அறையில். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கும் வேலை, அவர்களுடைய கணினிக்குள் ரிமோட்டாக நுழைந்துதான் எல்லாம் செய்ய வேண்டும். வீடியோ பார்க்கும்போது ஐந்து செக்கன் அறுந்தால் யாருக்கும் தெரியாது, முன்கூட்டியே இறங்கிய பகுதி ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட் வேலையில் அந்த ஐந்து செக்கனிலேயே திரை உறைந்துவிடும். "இன்டர்நெட் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் மற்றவர்கள் சொன்னதும் இதனால்தான், அவர்கள் சொன்னதும் பொய் இல்லை.

எங்களுடையது ஃபைபர் இணைப்பு. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய லைட் சிவப்பில் எரிந்தால் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எங்கள் பெட்டியில் அது எரியவே இல்லை, கம்பனியோடு தொடர்பு இருப்பதைக் காட்டும் பிஓஎன் லைட் பச்சையில் அசையாமல் நின்றது. அடுத்த சந்தேகம் மினி யூபிஎஸ். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது கொழும்பில் நிறையப் பேர் ரவுட்டருக்கென்று இந்தச் சின்ன யூபிஎஸ்ஸை வாங்கி வைத்தோம், இன்னும் பல வீடுகளில் அதே பழைய பட்டரியோடு ஓடுகிறது. பட்டரி இளைத்துவிட்டால் ரவுட்டர் தானே அணைந்து எழும்பும். இதை ஊகிக்கத் தேவையில்லை, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்று காட்டும் ஓர் இடம் இருக்கும். எங்களுடையது நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே அதுவும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகன் நெட்வேர்க் வேலை செய்கிறவன். வட்ஸ்அப்பில் கூப்பிட்டேன்.

"அக்கா, ஒண்டையும் மாத்தாதீங்கோ. முதல்ல ரெண்டு பிங் போடுங்கோ, ஒண்டு ரவுட்டருக்கு, மற்றது வெளியில. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில வச்சுப் பாருங்கோ."

எனக்குக் கிடைத்ததிலேயே பெறுமதியான யோசனை இதுதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிங் என்றால் ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. விண்டோசில் கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் புரொம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறக்க வேண்டும். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங், பல வீடுகளில் அது 192.168.1.1 ஆக இருக்கும், இல்லாவிட்டால் ஐபிகொன்ஃபிக் என்று அடித்தால் டிஃபோல்ட் கேட்வே என்ற வரியில் தெரியும். மற்றதில் கூகுளின் 8.8.8.8. முகவரிக்குப் பின்னால் சிறுகோடும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். அறும் நேரத்தில் வெளியே போகும் பிங் மட்டும் நின்று ரவுட்டருக்குப் போவது ஓடினால் குற்றம் லைனில், அப்போது இன்டர்நெட் கம்பனிக்குக் கோல் எடுக்கலாம். இரண்டும் சேர்ந்து நின்றால் லப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் பிரச்சினை, ஹொட்லைனில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது தீராது. எனக்கு இரண்டும் சேர்ந்தே நின்றன. சாதாரணமாக 2, 3 மில்லிசெக்கனில் பதில் தரும் ரவுட்டர் திடீரென்று 400க்கு ஏறி, அப்புறம் வரிசையாக ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட், அதாவது பதிலே வரவில்லை.

விண்டோஸ் தன் வைஃபை வரலாற்றை மூன்று நாளுக்குச் சேர்த்து ஓர் அறிக்கையாகத் தரும் என்பது பலருக்குத் தெரியாது. கமாண்ட் புரொம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து நெட்எஸ்எச், டபிள்யூலான், ஷோ, டபிள்யூலான்ரிப்போர்ட் என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில் வரிசையாக அடித்தால், பிரவுசரில் திறக்கக்கூடிய ஒரு கோப்பு உருவாகும். எத்தனை மணிக்குத் தொடுத்தது, எப்போது விட்டது, என்ன காரணம் எல்லாம் அதில் இருக்கும். வேலை நேரத்தில் அறுந்த நேரங்களை ஒரு துண்டில் குறித்து வைத்திருந்தேன், அதை அறிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் என்னிடம் இருந்தது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு என்று தெரிந்தது. சில நேரங்களில் இணைப்பு உண்மையாகவே விடுபட்டிருந்தது. மற்ற நேரங்களில் அறிக்கையின்படி இணைப்பு இருந்துகொண்டே இருந்தது, ஆனால் பிங் போகவில்லை.

முதலாவது சுலபமாக முடிந்தது. விடுபட்ட நேரங்கள் எல்லாமே சார்ஜரைக் கழற்றிவிட்டு ஹோலுக்கு வந்து வேலை செய்த நேரங்கள். டிவைஸ் மனேஜரில் நெட்வேர்க் அடப்டர்களுக்குள் வைஃபை கார்டைத் திறந்தால் பவர் மனேஜ்மன்ட் என்று ஒரு பக்கம் வரும், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று கணினிக்கு அனுமதி கொடுக்கும் பெட்டி அதில் இருக்கும். அந்தச் சரிக்குறியை எடுத்துவிட்டேன், பட்டரியில் ஓடும்போது அறுவது நின்றது. சில புது லப்டொப்புகளில் இந்தப் பக்கமே வராது, அப்படியானால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) இறக்கிப் போட்டுப் பாருங்கள். அண்மையில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் அதே இடத்தில் பழைய டிரைவருக்குத் திரும்பவும் வழி உண்டு.

இரண்டாவதுதான் ஆளை வாட்டியது. போனில் சுற்றியுள்ள வைஃபைகளைக் காட்டும் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ரவுட்டரில் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை, லப்டொப் ஓடிக்கொண்டிருந்தது 2.4இல். தொடர்மாடியில் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை, 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்க் கட்டடம் என்று திரை நிறைந்துவிட்டது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சானல்கள்தான். எங்கள் ரவுட்டர் 6இல் இருந்தது, 11க்கு மாற்றி, சானலின் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸில் நிறுத்தினேன். கொஞ்சம் குணம் தெரிந்தது, ஆனால் அறுவது நிற்கவில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட 2.45 கிகாஹேர்ட்ஸில்தான் வேலை செய்கிறது, அதனால் குசினியில் ஒரு கோப்பை தண்ணீரைச் சூடாக்க வைத்துவிட்டு பிங்கைப் பார்த்தேன். இலக்கங்கள் சற்று ஏறின, அறவில்லை.

மாத முடிவில் வேலைக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பாக்அப் எடுப்பது வழக்கம். அன்றைக்கு பிங் ஜன்னல் திறந்தே கிடந்தது. பாக்அப் தொடங்கிய உடனே வரிசையாக டைம்ட் அவுட். நிறுத்தினேன், பிங் ஓடியது. மறுபடி தொடங்கினேன், நின்றது. தம்பிக்கு படம் எடுத்து அனுப்பியபோது அவன் உடனே சொன்னான்: "அது யூஎஸ்பி 3 தான் அக்கா."

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் கேபிளும் பிளக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்குகின்றன. இன்டெல் கம்பனியே 2012 இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பெரும்பாலான லப்டொப்புகளில் வைஃபை அன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும், பல யூஎஸ்பிகளைச் செருகும் என்னுடைய யூஎஸ்பி ஹப் திரைக்கு நேர் பின்னால், ஹார்ட் டிஸ்க் அதன் மேல். கோயில் திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்று போன் கதைத்த மாதிரித்தான் என் லப்டொப் ரவுட்டரோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறது. போன்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இதுவே பதில், அவை அந்த ஹப்புக்குப் பக்கத்தில் இல்லை.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போய், நல்ல உறையுள்ள ஒரு மீற்றர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி, ஹப்பையும் டிஸ்க்கையும் மேசையின் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். பாக்அப் ஓடும்போதும் பிங் ஓடியது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனாலும் லப்டொப் ஏன் 5 கிகாஹேர்ட்ஸை விட்டுவிட்டு 2.4இலேயே கிடக்கிறது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. 5 கிகாஹேர்ட்ஸில் இந்த யூஎஸ்பி இரைச்சலும் இல்லை, அயல்வீட்டு நெரிசலும் குறைவு, ஆனால் சுவர் தாண்டும் பலம் அதற்குக் குறைவு. எங்கள் ரவுட்டர் வாசல் பக்கத்தில் சப்பாத்து அலுமாரிக்குள் இருந்தது, அதற்கும் என் அறைக்கும் நடுவில் லிப்ட்டின் கொங்கிரீட் சுவர். அறையில் அளந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 78 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு). வீடியோ கோலுக்கு மைனஸ் 67 அல்லது அதைவிட நல்லதாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அதாவது பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. இன்டர்நெட் கம்பனி டெக்னீசியனைக் கூப்பிட்டு ஃபைபர் வயரை நீட்டி ரவுட்டரை ஹோலுக்குக் கொண்டுவந்தோம். அந்த வயரை நீங்களே மடக்கி வளைத்து இழுக்க வேண்டாம், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இப்போது அறையில் மைனஸ் 60 அளவில் நிற்கிறது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்து, லப்டொப்பை 5இல் மட்டும் சேர்த்துவிட்டேன், இல்லாவிட்டால் அது இரண்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும்.

உங்கள் லப்டொப் பழையது, 5 கிகாஹேர்ட்ஸே இல்லை என்றால் சானலை 1, 6, 11இல் ஆள் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, ஹப்பையும் டிஸ்க்கையும் தள்ளி வையுங்கள். திரையோ பிணைச்சலோ திருத்திய பிறகு சிக்னல் இளைத்திருந்தால், உள்ளே வைஃபை கார்டில் மாட்டும் இரண்டு மெல்லிய அன்டெனா வயர்களில் ஒன்று கழன்றிருக்கலாம், திருத்தியவரிடமே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்டர்நெட் கம்பனிக்கு முறையிடப் போகிறீர்கள் என்றால், ரவுட்டர் பிங் ஓட வெளிப் பிங் நின்ற அந்தத் திரையை நேரம் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு கோல் எடுங்கள், "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்ற கட்டத்தைத் தாண்டுவதற்கு அது உதவும்.

ஹோலிலிருந்து அறைக்கு ஒரு லேன் கேபிளும் இழுத்து வைத்திருக்கிறேன். கணக்கு முடிக்கும் நாட்களில் அதைத்தான் செருகுகிறேன்.