அம்புக்குறி இட்ட கல்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் எழுத என்னிலும் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள் என்ற எண்ணமே முதலில் வந்தது. நான் எழுத விரும்புவது ஒரு கல்லைப் பற்றி. பௌதிக ஆய்வுகூடத்தின் பின்சுவரோடு ஒட்டி நின்ற கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில், பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன மாதிரிகளுக்கு நடுவே கிடந்த அந்தச் சாம்பல்நிறக் கல்லை என் வகுப்புத் தோழர்களில் இரண்டொருவராவது நினைவில் வைத்திருக்கக்கூடும். உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஒரு முகம் மட்டும் தட்டையாக மெருகிடப்பட்டிருந்தது. மறுபக்கத்தில் வெள்ளை வர்ணத்தால் சிறிய அம்புக்குறி ஒன்று வரையப்பட்டிருந்தது. அந்த அம்பு எதைச் சுட்டுகிறது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஒளித்தெறிப்புப் பாடம் நடந்த நாளில் எங்கள் பௌதிக ஆசிரியர் அந்தக் கல்லை எடுத்து வந்து, அதைக் கையில் எடுக்காமல் இருந்த இடத்திலிருந்தே நிறத்தைச் சொல்லவேண்டும் என்றார். முன்வாங்கில் இருந்தவர்கள் சாம்பல் என்றார்கள். யன்னலோரத்தில் இருந்தவர்கள் நீலம் என்றார்கள். எட்டிப் பார்க்க எழுந்து நின்ற ஒருவன் பச்சை என்றான். பின்வாங்கிலிருந்து "கறுப்பு, சேர்" என்று ஒரு குரல் வந்தது. அத்தனையையும் அவர் கரும்பலகையில் எழுதினாரேயன்றி ஒன்றையேனும் அழிக்கவில்லை. தன் இடத்திலிருந்து எதுவுமே தெரியவில்லை என்று ஒருவன் முறையிட்டபோது, "கல்லைத் திருப்பு, இல்லாவிட்டால் நீ திரும்பு" என்று சொல்லிவிட்டுப் படுகோணமும் தெறிகோணமும் சமம் என்ற விதிக்குப் போய்விட்டார். கல்லின் பெயரை அவர் சொல்லவில்லை. பெயர்ச்சீட்டுத்தான் உதிர்ந்துவிட்டதே, அவருக்கும் தெரிந்திராது என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பெயர் லப்ரடோரைட்டு என்பதை நான் அறிந்தது புலம்பெயர்ந்து பல ஆண்டுகள் கழித்து, கற்களை அறுத்து மெருகிடும் பொழுதுபோக்கில் இறங்கிய பிறகுதான். கனடாவின் லப்ரடோர் கரையில், நெயின் என்னும் குடியிருப்பை அடுத்த தீவொன்றில், 1770ஆம் ஆண்டளவில் மொரேவிய மதபோதகர்கள் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பியதால் அந்தப் பெயர். இன்று விற்பனைக்கு வரும் கற்களில் பெரும்பங்கு மடகாஸ்கரிலிருந்து வருகிறது. என் கையில் கிடைத்ததும் அந்நாட்டுக் கல்தான். பின்லாந்தில் கிடைக்கும் வகைக்கு நிறங்கள் மிகுதி என்பதால் ஸ்பெக்ரோலைட்டு என்று தனிப்பெயர் இட்டிருக்கிறார்கள்.

இக்கல் பெல்ஸ்பார் என்னும் பாறைக் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாறைக்குழம்பு இறுகிய காலத்தில் ஒன்றாகக் கலந்திருந்த கல்சியமும் சோடியமும், கல் மிக மெதுவாகக் குளிர்ந்தபோது ஒன்றையொன்று விட்டு விலகி, கல்சியம் மிகுந்த படலம் ஒன்று, சோடியம் மிகுந்த படலம் ஒன்று என மாறி மாறி அடுக்கப்பட்டன. ஒவ்வொரு படலமும் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான தடிப்பே உடையது. இப்படலங்களில் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று தலையிட்டு, சில நிறங்கள் வலுத்தும் சில மங்கியும் போவதால்தான் நிறம் பிறக்கிறது. படலம் மெல்லியதாயின் நீலம், தடிக்கத் தடிக்க மஞ்சளும் சிவப்பும். ஆகவே கல்லுக்குள் சாயம் என்று எதுவும் இல்லை. எங்கள் ஆசிரியர் வகுப்பில் பெருமையோடு சொல்லித்தந்த சர் சி. வி. இராமன், இதே கல்லின் ஒளிர்வை ஏ. ஜெயராமனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1950இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார் என்பதைப் படித்த இரவில், அந்தச் செய்தியைச் சொல்ல ஆசிரியர் உயிரோடு இல்லையே என்பதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் குடும்பத்தில் அம்மாவோடு அண்ணா, அக்கா, நான், தங்கை ஆகிய ஐந்து பேரும் வெவ்வேறு இடங்களில் வாழ்கிறோம். ஒரே கல்லிலிருந்து அறுத்த ஐந்து துண்டுகளை ஐந்து மோதிரங்களில் பதிக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கல்லை வாங்கி இரண்டு வாரங்கள் நான் வாளைத் தொடவே இல்லை. கல்லை நீரில் நனைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒற்றை மின்குமிழின் கீழ் விரற்கடை விரற்கடையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒளி பிறக்கும் படலங்கள் எந்தத் தளத்தில் கிடக்கின்றனவோ அந்தத் தளத்திற்கு இயன்றவரை இணையாக அறுத்தால்தான் கல்லின் முழு முகமும் ஒளிரும். சற்றுச் சாய்ந்து அறுத்தால் ஒளி ஒரு பக்கம் சரிந்து வரும். குறுக்காக அறுத்தால் கையில் மிஞ்சுவது வெறும் சாம்பல்நிறக் கல்.

நீர் சொரியச் சொரிய வைரத்தூள் பதித்த வாளால் ஆறு மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு பலகை அறுத்தேன். அதில் 14க்கு 10 மில்லிமீற்றர் அளவில் ஆறு நீள்வட்டங்கள் அடங்கின. சாதாரணப் பென்சிற்கோடு நீரில் அழிந்துவிடும் என்பதால் பித்தளைக் கம்பியால் கோடிட்டேன். என் அறுப்பு சற்றுச் சாய்ந்துவிட்டதால் எல்லாத் துண்டிலும் ஒளி ஒரு பக்கத்திலிருந்து பார்த்தாலே முழுமையாகத் தெரிந்தது. எனவே எந்தப் பக்கம் என்பது பின்னர் குழம்பாமலிருக்க, ஒவ்வொரு துண்டின் அடியிலும் வைரமுனைக் கம்பியால் ஓர் அம்புக்குறி கீறத் தொடங்கினேன். முதல் துண்டில் கீறி முடித்த கை அப்படியே நின்றுவிட்டது. ஆய்வுகூட அலுமாரியில் கிடந்த கல்லின் பின்புறத்து வெள்ளை அம்பும் இதுதான். எந்தப் பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்பதை, எங்களுக்கு முன் யாரோ ஒருவர், அடுத்தவருக்காகக் குறித்து வைத்திருக்கிறார்.

இனி நான் செய்த தவறுகள். கல்லைப் பிடித்துத் தேய்ப்பதற்காக அதைச் சிறு மரக்குச்சியின் முனையில் சூடான அரக்கு மெழுகால் ஒட்டுவார்கள். முதல் துண்டை ஒட்டியவன், மெழுகு இறுகும்வரை பொறுக்காமல் குளிர்ந்த நீரில் தோய்த்தேன். மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. கல் குறுக்காக வெடித்திருந்தது. இரண்டாவது துண்டை 80 இலக்கச் சொரசொரப்புடைய சாணையில் அவசரமாக அழுத்தினேன். இக்கல்லுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு பிளவுத் தளங்கள் உண்டு. தட்டினால் அவற்றின் வழியே அடுக்கடுக்காகப் பெயர்ந்துவிடும். அதன் விளிம்பு அப்படித்தான் போயிற்று. அதன்பின் மெழுகைக் கைவிட்டுச் சூடில்லாத பசைக்கு மாறினேன். முரட்டுச் சாணையையும் விட்டு 220 இலக்கத்திலிருந்தே தொடங்கினேன். நேரம் இரட்டிப்பாயிற்று, ஆனால் அதற்குப் பிறகு ஒரு துண்டுகூட உடையவில்லை. எனினும் மிஞ்சியது நான்கே துண்டுகள். ஐந்தாவதைப் பலகையின் வெட்டுமூலையிலிருந்து எட்டு மில்லிமீற்றர் வட்டமாக எடுத்தேன். கருங்கோடு ஒன்று ஓடிய அந்தக் கல் யாருக்கு உரியது என்பதில் விவாதத்துக்கு இடமிருக்கவில்லை.

தேய்க்கும்போது நீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும், கல்லும் சூடேறக்கூடாது, தூளும் மூச்சில் போகக்கூடாது என்பதற்காக. நீர் இருந்தாலும் நான் முகமூடி இல்லாமல் அமர்வதில்லை. முகத்தை மிகத் தாழ்ந்த குவிவாகவே தேய்த்தேன். குவிவு உயர்ந்தால் ஒளி நடுவில் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். 220, 280, 600, 1200, 3000 என்று இலக்கம் ஏற ஏறக் கீறல்கள் மெலிந்துகொண்டு போகும். ஒவ்வொரு படியிலும் கல்லைத் துடைத்து உலர்த்தி, முன்படியின் கீறல் ஒன்றேனும் மிஞ்சியிருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்கவேண்டும். ஈரக் கல் எப்போதும் பொய் சொல்லும். 600இல் விட்ட கீறலை 3000இல் கண்டுபிடித்து மறுபடி 600க்கு இறங்கிய மாலைகள் எத்தனையோ. கடைசியில் சீரியம் ஒட்சைட்டு என்னும் மெருகுத்தூளின் குழம்பைத் தோலில் தடவி அதில் உரசும்போது, தோல் சற்றே காய்ந்து கல்லை இழுத்துப் பிடிக்கத் தொடங்கும் கணத்தில்தான் கண்ணாடி மெருகு ஏறுகிறது. அதற்கு அப்பால் ஒரு நிமிடம் அழுத்தினாலும் சூடேறிவிடும். அந்த இழுப்பை விரலால்தான் அறியவேண்டும்.

வெள்ளி வேலையைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. வெண்காரம் தடவிப் பொடிவைத்து ஊதும் கலையில் நான் இன்னும் கற்றுக்குட்டிதான். கல்லைச் சுற்றி மெல்லிய வெள்ளிச் சுவர் எழுப்பி அதை உட்புறமாக மடித்துப் பதிக்கும் முறையையே தெரிந்தெடுத்தேன். கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோ அளவுகோலில் இக்கல்லின் வன்மை 6க்கும் 6.5க்கும் இடைப்பட்டது, சாதாரணப் புழுதியிலும் இருக்கும் குவாட்சின் வன்மை 7. விளிம்பைக் காக்கச் சுவர் இல்லையென்றால் நாளும் அணியும் மோதிரத்தில் அது நெடுநாள் தாங்காது. சுவருக்குள் கல் பொருந்துகிறதா என்று பார்க்குமுன் அடியில் ஒரு நூலைக் குறுக்கே இடவேண்டும். இல்லாவிட்டால் இறங்கிய கல்லை மேலே எடுக்க முடியாது. இதையும் நான் ஒரு கல்லை இழக்கும் தறுவாய்க்குப் போன பிறகே கற்றேன்.

பதிக்குமுன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டேன்: கல்லின் ஒளி அணிபவர் கண்ணுக்குத் தெரியவேண்டுமா, எதிரில் இருப்பவர் கண்ணுக்கா? அண்ணா இரண்டுக்கும் வழியில்லையா என்றார். அக்காவும் தங்கையும் தயங்காமல் எதிரில் இருப்பவருக்கு என்றார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்திருந்தேன். "பார்க்கிறவர்களுக்கு ஆயிரம் இருக்குது பார்க்க. எனக்குத் தெரிகிற மாதிரி வை, மோனை" என்றார்.

சென்ற ஆண்டு அக்காவின் மோதிரம் என்னிடம் திரும்பி வந்தது. விரல் மூட்டு வீங்கி மோதிரம் இறங்க மறுக்கிறதாம். வளையத்தை அறுத்து இடையில் வெள்ளித்துண்டு சேர்த்துப் பற்றவைக்கவேண்டும். அந்தத் தீயைக் கல் தாங்காது என்பதால் முதலில் கல்லை வெளியே எடுத்தாகவேண்டும். மடித்த சுவரைக் கிழிந்துவிடாமல் நிமிர்த்துவதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் சென்றது. கல் கழன்று உள்ளங்கையில் விழுந்தபோது அடியில் நான் கீறிய அம்பு அப்படியே இருந்தது. மோதிரத்தோடு அக்கா வைத்திருந்த துண்டுக் கடிதத்தில், அளவைச் சொல்லி முடித்தபின், "இந்த முறை எனக்குத் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்துவிடு, தம்பி" என்று எழுதியிருந்தார். நீள்வட்டக் கல்லாதலால் அதற்குத் தடையில்லை. அம்பைப் பார்த்துக் கல்லை அரைச்சுற்றுத் திருப்பி, நூலை அடியில் இட்டு, மெல்ல உள்ளே இறக்கினேன்.