கரகக் குடமும் பிரம்புப் பந்தும்

2019 செப்டம்பர் 29, ஞாயிறு

இன்னிக்கு நவராத்திரி ஆரம்பம், ரங்கூன்ல மழை இன்னும் விட்டபாடில்ல, தவில் தோல் நமுத்துப்போய் டொக்கு டொக்குன்னு தகரம் மாதிரி சத்தம் போடுது. தீபாவளி அன்னிக்கு ராத்திரி கோயில் திடல்ல நாப்பது நிமிஷம் நம்ம ஆட்டம்னு சொல்லிட்டாங்க. தெருவுல நம்ம வீட்டுக்கு பேரே சர்க்கஸ்காரங்க வீடு. புலி சிங்கம்லாம் கிடையாது, இருக்கறது சித்தப்பாவோட பொய்க்கால் குதிரை, அப்பாவும் நானும் தவில், ஒரு பம்பை, மாமா பசங்களோட சிலம்பமும் கர்ணமும், தங்கச்சி பாப்பாவோட கரகம், அவ்வளவுதான்.

சாப்பிடும்போது பாப்பா மெதுவா ஆரம்பிச்சா, இந்த வருஷம் கரகத்தை தலையில வச்சுக்கிட்டே சின்லோன், அதான் பர்மாக்காரங்க பந்தாட்டம், ஆடப் போறாளாம். அம்மா கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு. நான் வாயைத் திறக்கல.

அக்டோபர் 3, வியாழன்

சின்லோன் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் எழுதறேன். பிரம்புல பின்னின பந்து, பன்னெண்டு ஐமூலை ஓட்டை, பிரம்புங்க ஒண்ணோட ஒண்ணு குறுக்கிடற இடம் இருபது. ஆறு பேர் வட்டமா நின்னு பந்து தரையில விழாம காலாலயும் முழங்கால் முட்டியாலயும் தட்டிக்கிட்டே இருப்பாங்க, எதிர் டீம்னு ஒண்ணு கிடையாது, ஜெயிச்சான் தோத்தான்னும் கிடையாது. பந்து காலுல சரியாப் பட்டா டக்குன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்துக்காகவே நான் மணிக்கணக்கா உட்கார்ந்து பார்த்திருக்கேன். இதுல ஒத்தையா ஆடி வித்தை காட்டற ஆட்டம் ஒண்ணு இருக்கு, அது பொம்பளைங்களோடது. பக்கத்து வீட்டு அமாவுக்கு அது தெரியும் (இங்க அக்காவை அமான்னுதான் கூப்பிடுவாங்க), பாப்பாவுக்கு ஏழு வயசுலேர்ந்து சொல்லிக் கொடுத்தது அவங்கதான்.

கரகமும் வரும் சின்லோனும் வரும், அப்புறம் என்ன கஷ்டம்னு நினைச்சேன். இன்னிக்கு மொட்டை மாடியில பார்த்தப்பதான் விளங்குச்சு. சின்லோன் ஆடறவங்க கண்ணு எப்பவும் கீழ பந்து மேலதான். கரகம் ஆடறவ கீழ பார்த்தா முடிஞ்சுது கதை, தாடை ஒரு விரக்கடை இறங்கினா போதும், மூணு கிலோ குடம் முன்னாடி சரிஞ்சுடும், அதுக்கு மேல கூம்பு, அதுக்கும் மேல கிளி வேற. ஒரு உடம்புக்கு ரெண்டு சட்டம், ஒண்ணு கீழ பாருங்குது, இன்னொண்ணு பார்க்காதேங்குது. பதினாலு தடவை குடம் விழுந்துச்சு. உள்ள போட்டிருந்த அரிசி மாடி பூரா சிதறி, இப்ப புறாவுக்கெல்லாம் நம்ம வீடு நல்லா தெரியும்.

அக்டோபர் 5, சனி

அம்மா இன்னிக்கு வெடிச்சுட்டாங்க. கரகம்னா அம்மன்டி, அதை வச்சுக்கிட்டு பந்தை உதைப்பியான்னு. அம்மாவும் இருபது வருஷம் ஆடினவங்க, கழுத்து எலும்பு தேஞ்சுபோய்தான் நிறுத்தினாங்க, அவங்க சொன்னா சும்மா தள்ளிட முடியாது. அப்பாதான் நடுவுல வந்தார். சாமிக்கு தண்ணி நிரப்பி எடுக்கறது சக்தி கரகம், அதுக்கு விரதம், நேரம், காலம் எல்லாம் உண்டு, அதை யாரும் தொடப்போறதில்ல, இது அரிசி போட்ட ஆட்டக் கரகம், ஜனங்க பார்க்கறதுக்குன்னே உண்டானதுன்னார். அம்மா அதுக்கும் மசியல.

அப்புறம் அப்பா தாத்தா கதையை எடுத்தார். 1964 மே மாசம் அம்பது, நூறு ஜாட் நோட்டு (பர்மா பணம்) செல்லாதுன்னு அறிவிச்சாங்க, அதுக்கு முன்னாடியே கடைகண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, ஜனங்க கப்பல் கப்பலா மெட்ராஸுக்கு கிளம்பிட்டாங்க. தாத்தா குழுவுல பதினோரு பேர் இருந்தது நாலு பேரா ஆச்சு. நாதஸ்வரக்காரர் போனார், குறவன் குறத்தி ஜோடி போச்சு. மிச்சம் நாலு பேரை வச்சு விடிய விடிய எப்படி ஆட்டம் நடத்தறது? தாத்தா தெருவுல சின்லோன் ஆடிக்கிட்டிருந்த பர்மாக்கார பசங்க மூணு பேரை கூப்பிட்டு, கரகம் மூச்சு வாங்கற நேரத்துல நீங்க உள்ள வந்து ஆடுங்கடான்னார். ராத்திரிக்கு மோகிங்கா (மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ்) சாப்பாடு, கையில கொஞ்சம் காசு. அப்படித்தான் ஆட்டம் பொழைச்சுது, நாமளும் பொழைச்சோம்னு அப்பா சொன்னப்ப அம்மா எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டாங்க. ஒத்துக்கிட்டாங்களான்னு தெரியல.

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. தவில், பம்பை, சிலம்பக் கம்பு, சித்தப்பாவோட மரக்கால் ரெண்டு, கரகக் குடம் எல்லாத்தையும் வரிசையா வச்சு சந்தனம் குங்குமம் வச்சோம். பாப்பா ஓரமா பிரம்புப் பந்தையும் கொண்டாந்து வச்சா. அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, அப்புறம் அதுக்கும் ஒரு பொட்டு வச்சாங்க. ஓட்டை பந்துல பொட்டு எங்கடி வைக்கிறதுன்னு ஒரு முணுமுணுப்பு வேற.

அக்டோபர் 12, சனி, சௌக்சே

ராத்திரி பஸ் ஏறி மாண்டலே பக்கத்துல சௌக்சே வந்திருக்கோம், யானை ஆட்டம் பார்க்க. தடிஞ்சுட்னு பர்மாக்காரங்க விளக்குப் பண்டிகை, அந்த பௌர்ணமிக்கு முந்தின நாள் வருஷா வருஷம் நடக்கும். மூங்கில் கூடு கட்டி, துணி போர்த்தி, ஜிகினா தச்சு யானை செய்வாங்க, உள்ள ரெண்டு ஆளு, ஒருத்தன் முன்னங்கால் இன்னொருத்தன் பின்னங்கால். மத்தளச் சத்தத்துக்கு அந்த யானை குதிக்குது, உட்காருது, குட்டிக்கரணமே அடிக்குது! சித்தப்பா வாயைப் பொளந்துட்டார். அவர் குதிரையும் மூங்கிலும் துணியும்தான், ஆனா அதுல அவர் ஒத்தை ஆளு, ஒரு அடி மரக்கால் மேல நின்னுக்கிட்டு, விழுந்தா தனியாத்தான் விழணும். இதுல விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவான்னார், பொறாமையா சந்தோஷமான்னு எனக்கு பிடிபடல.

ஆட்டம் முடிஞ்சு ஒரு யானை நிழல்ல கிடந்துச்சு, பக்கத்துல அந்த ரெண்டு பேர் கரும்பு ஜூஸ் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. பாப்பா பர்மீஸ்ல போய் கேட்டா, பின்னாடி இருக்கறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாதே, எப்படி கால் வைக்கிறீங்கன்னு. அவர் சிரிச்சுட்டு, தரையை யார் பார்த்தா, எனக்கு முன்னாடி இருக்கறவன் இடுப்பு அசையறது தெரிஞ்சா போதும், கால் தானா போகும்னார். அதுக்கப்புறம் பாப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல. பஸ்ல தூங்கறாளான்னு பார்த்தேன், முழிச்சுத்தான் இருந்தா.

அக்டோபர் 14, திங்கள்

திரும்பி வந்தாச்சு. ராத்திரி நம்ம பக்கத்துலயே ஒரு ப்வே, பர்மாக்காரங்க கூத்து. சைங் வைங்னு அவங்க மேள செட், அந்த மேளக்காரரோட கொஞ்சம் பேசினேன், சுத்தி இருபத்தொரு மத்தளம், நடுவுல அவர், ஒவ்வொண்ணா சோறும் சாம்பலும் பிசைஞ்ச பசையை அப்பி சுருதி சேர்த்துக்கிட்டு இருந்தார். தவில் வாசிக்க நான் போடற விரல் கூட்டை எடுத்துக் காட்டினேன், துணியில பசை தடவி சுத்திக் காய வச்சது, நானும் பசைக்காரன்தான். மனுஷன் அதை வாங்கி தன் விரல்ல போட்டுப் பார்த்தார், சின்னதா போச்சு. பாதி மேளம் பசையிலதான் இருக்குன்னார்.

அக்டோபர் 20, ஞாயிறு

வந்துடுச்சு!

பாப்பா காலால தட்டறதையே விட்டுட்டா. வெறும் முட்டி. முட்டியால தட்டினா பந்து நெஞ்சு உசரத்துக்கு எழும்பும், அப்ப கழுத்து குனிய வேணாம், கண்ணை மட்டும் இறக்கினா போதும். பந்து கீழ போற அந்த அரை நொடி பார்க்காம விட்டுடறா, எங்க வரும்னு முட்டிக்கு தெரியுமாம். அமா கன்னத்துல தனாக்காவோட (மரப்பட்டையை அரைச்சுப் பூசற பூச்சு) நின்னு பர்மீஸ்ல எண்ணறாங்க, தித், நித், தோங், லே. நாலு. குடம் அசையல. கிளி மட்டும் மெதுவா சுத்துச்சு. அம்மா மாடிப்படியில நின்னு பார்த்துட்டு, இடுப்பு இறுக்கமா இருக்கு, மூச்சை அடக்காதடின்னு சொல்லிட்டு இறங்கிப் போனாங்க. அம்மா வாயில இந்த மாசம் வந்த முதல் பாடம் அது.

எனக்குத்தான் இப்ப தலைவலி, முட்டிக்கு ஒரு தட்டு, நடுவுல வெறும் மூச்சு, அதுக்கு என்ன நடை வாசிக்கறது? அவசரப்பட்டு அடிச்சா அவ பந்தை அவசரப்படுத்துவா.

அக்டோபர் 28, திங்கள்

நேத்து ஆட்டம் முடிஞ்சுது. மழை இல்ல, ஆனா ரெண்டாவது ஐட்டத்துல கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் போட கால் மணி நேரம், சித்தப்பா குதிரையோட இருட்டுல நின்னுக்கிட்டே இருந்தார், உட்கார முடியாதே பாவம். பசங்க போன் லைட்டை எல்லாம் அவர் மேல அடிச்சு கை தட்டினாங்க, அதுவே ஒரு ஐட்டம் ஆயிடுச்சு.

பாப்பா வந்தா. நான் தவிலை குறைச்சு, ரெண்டு விரல்ல மட்டும் வாசிச்சேன். அஞ்சு வரைக்கும் கூட்டமே சேர்ந்து எண்ணுச்சு, பாதி பேர் தமிழ்ல, பாதி பேர் பர்மீஸ்ல, ஆறாவதுல எல்லாம் குழம்பிப் போச்சு. ஏழாவது முட்டிக்கு பந்து கொஞ்சம் வெளிய போச்சு, எட்டிப் பிடிக்கப் போனவ நின்னுட்டா, பந்தை விட்டுட்டா. குடம் நின்னுச்சு. கிளிதான் கழண்டு முன் வரிசையில ஒரு பாட்டி மடியில போய் விழுந்துச்சு.

பாட்டி கிளியைத் திருப்பித் தரல. வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அம்மா இன்னிக்கு காலையில தக்கை வாங்க என்னை பஜாருக்கு அனுப்பினாங்க, இந்த தடவை கொஞ்சம் கனம் குறைச்சு செய்யணுமாம், மூக்குக்கு மட்டும் சிவப்பு பெயிண்ட்.