பிடிக்கும் சார்

"ஏபிஎஸ் இல்லாட்டியும் பிரேக் பிடிக்குமில்ல தம்பி?" என்று கேட்டார் பட்டறைக்கு வந்த வண்டிக்காரர். ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழலாமல் லாக் ஆகிவிடாதபடி பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுதான் ஏபிஎஸ். "பிடிக்கும் சார்" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் நாலு வருஷமாக என்னை விடவில்லை.

சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது கடைசி நாலைந்து அடியில் பெடல் கடகடவென்று அடிக்கிறது, வண்டி நிற்காமல் நழுவுகிறது என்பது புகார். மீட்டரில் விளக்கு இல்லை, ஸ்கேனரில் எரர் கோடும் (பழுதுக் குறியீடு) இல்லை. முதல் தடவை வந்தபோது "ஏபிஎஸ் வேலை செஞ்சா அப்படித்தான் சார் அடிக்கும்" என்று அனுப்பிவைத்தவனும் நான்தான். காய்ந்த ரோட்டில், அந்த வேகத்தில் அது எதற்கு வேலை செய்ய வேண்டும் என்று அன்று யோசிக்கவில்லை.

இரண்டாம் தடவை, பட்டறைப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரில் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் காட்டும் லைவ் டேட்டாவைப் பார்க்கச் சொல்லி ஓட்டினேன். வேகம் 10 கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும் மூன்று சக்கரம் 8 காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் சட்டென்று 0. சக்கரம் லாக் ஆகிவிட்டதாக நினைத்து, ஏபிஎஸ்ஸை இயக்கும் மாட்யூல் அங்கே பிரேக்கை விடுவிக்கிறது. ஆக்சிலைக் கையால் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கர வேகத்தைச் சென்சார் படிக்க உதவும் பல்வளையமான டோன் ரிங்கில், துருவுக்கு நடுவே, முடி மாதிரி ஒரு விரிசல். நகத்தை வைத்தால் தட்டியது.

ரிங் வர இரண்டு நாள் ஆகும். அவருக்கோ விடிந்தால் கோத்தகிரியில் ஒரு துக்கம். ஏபிஎஸ் ஃபியூஸைப் பிடுங்கினேன். பெடல் அடிப்பது நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

மலைப்பாதை வளைவில் பிரேக் தானாக விடுவதைவிட ஏபிஎஸ்ஸே இல்லாமல் போவது மேல். முப்பது வருஷம் ஓட்டியவர், ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பழகியவர். இதை இப்போதும் சொல்வேன்.

ஆனால் மீட்டரில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தது. "அண்ணா, சிவப்பும் எரியுதே?" என்று பையன் கேட்டான். "ஃபியூஸ் எடுத்தா எரியும்டா" என்றேன். அதுவும் பொய் இல்லை. ஃபியூஸை எடுத்துச் சிவப்பும் எரிந்தால், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஈபிடியும் போய்விட்டது என்று அர்த்தம். ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் முதலில் லாக் ஆகி, ஈர இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் வீசலாம். பிரேக் ஆயில் குறைந்தால் எரிவதும் அதே விளக்குதான். அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஒரு சென்சாரின் கனெக்டரை மட்டும் கழற்றியிருக்கலாம். மாட்யூல் தானே ஏபிஎஸ்ஸை நிறுத்திக்கொள்ளும், பெரும்பாலான வண்டிகளில் ஈபிடி மிஞ்சும். எனக்குத் தெரியாததில்லை. சக்கரத்தை மாட்டி முடித்திருந்தேன், இருட்டிவிட்டது, ஃபியூஸ் கைக்கு எட்டியது.

மூன்றாம் நாள் வந்தார். மழையா சார் என்று கேட்டேன். "இறங்கறப்ப நல்ல மழை. நீங்கதான் பிடிக்கும்னு சொன்னீங்களே" என்றார். நன்றியோடுதான் சொன்னார்.

போன மாதம் இன்னொரு வண்டி, அதே விரிசல், அதே அவசரம். கனெக்டரைக் கழற்றினேன். மஞ்சள் மட்டும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பிரேக் பிடிக்கும்ல?" என்றார்.

பிடிக்கும் என்றேன். அப்புறம், மழையில் சக்கரம் லாக் ஆனால் ஸ்டியரிங் கேட்காது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அவர் அதற்குள் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.