காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் பந்தயப் படகு

படகு வடிவமைப்பாளர் இயன் ஃபாரியரின் டிரைமரன் (மூன்று உடல் படகு) வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூன்று உடல் கொண்ட பாய்மரப் படகுக்கு அகலம்தான் உயிர். பக்க மிதவைகள் எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, அவ்வளவு பெரிய பாயைத் தாங்கும். ஆனால் அமெரிக்கச் சாலைகளில் தனி அனுமதி வாங்காமல் இழுத்துச் செல்ல எட்டரை அடிதான் வரம்பு. ஃபாரியரின் எஃப்-27 விரிந்தால் 19 அடி, மடித்தால் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தினால், படகு தண்ணீரில் மிதக்கும்போதே மிதவைகள் கீழிறங்கி நடு உடலோடு ஒட்டிக்கொள்கின்றன. எவ்வளவு தெளிவான தீர்வு!

வீட்டில் கட்டுபவர்களுக்காக அவர் வரைந்த எஃப்-82 எனக்கு இன்னும் நெருக்கமானது. மலிவான பலகையில் அச்சுச் சட்டங்களை வெட்டி நிறுத்தி, மெல்லிய ரீப்பர்களை நீளவாக்கில் அடித்து, உள்பக்கமாக நுரைப்பட்டைகளைச் செங்குத்தாகப் பொருத்தி, வெளியிலிருந்து திருகாணியால் பிடிக்க வேண்டும். வளைவு கூடிய இடத்தில் வெப்பக்காற்று காட்டினால் நுரை இணங்கிவிடும். பிறகு உள்ளே கண்ணாடி இழையும், அதை ஒட்டவைக்கும் எபாக்சிப் பிசினும். உடலின் இரண்டு பாதிகளையும் இப்படிச் செய்து ஒட்டியபின் வெளிப்புறத்துக்கு இழை. எபாக்சியைத் தாராளமாக ஊற்றுகிறவர் பந்தயத்தைக் கொட்டகையிலேயே தோற்றுவிடுகிறார். கூடும் ஒவ்வொரு கிலோவும் வேகத்தைத் தின்னும்.

ஃபாரியர் 2017-இல் மறைந்துவிட்டார். இந்த முறையில் கட்ட ஆசைப்படும் நண்பர்களே, மிதவையில் தொடங்குங்கள். அளவில் சிறியது, எப்படியும் இரண்டு செய்தாக வேண்டும். கை பழகியபின் நடு உடலுக்குப் போகலாம்.