நான்கு மெழுகுவர்த்திகள்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் 'தி டூ ரோனீஸ்' போட்டுப் பார்த்தேன். ரோனி பார்க்கர், ரோனி கார்பெட் இருவரும் 1971 முதல் 1987 வரை பிபிசியில் நடத்திய நகைச்சுவை நிகழ்ச்சி. அதில் 1976-இல் வந்த, ஒரு கடையில் நடக்கும் காட்சி ஒன்று போதும், எனக்கு அவர்களைப் பிடித்துப்போக.

பார்க்கர் கடைக்குள் வந்து ஏதோ கேட்கிறார். கடைக்காரர் கார்பெட் நான்கு மெழுகுவர்த்தி எடுத்து வைக்கிறார், ஃபோர் கேண்டில்ஸ். இவர் கேட்டதோ ஃபோர்க் ஹேண்டில்ஸ், மண் கிளறும் முள்ளுக்குப் பிடி! வாயில் 'ஹ' வராத ஆள் என்பதால் இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. அப்புறம் 'ஓஸ்' வேண்டும் என்கிறார், களைக்கொத்தியா (ஹோ), தண்ணீர்க் குழாயா (ஹோஸ்) என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் பார்த்தால் வாசல் கேட்டில் பொருத்த 'ஓ' எழுத்து. கார்பெட் ஏணியில் ஏறி எழுத்துப் பெட்டியை இறக்கித் திரும்ப ஏற்றி வைத்த பிறகுதான் பார்க்கர் 'பீஸ்' கேட்கிறார், மறுபடி ஏணி. ஆனால் இந்த முறை 'பி' எழுத்து இல்லை, டின் பட்டாணி (ஆங்கிலத்தில் அதுவும் 'பீஸ்'தான்). கார்பெட்டின் முகத்தில் பொறுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பாருங்கள், யாரையும் புண்படுத்தாமல் இப்படிச் சிரிக்க வைப்பது லேசான வேலை இல்லை.

இதை எழுதியதும் பார்க்கர்தான், ஜெரால்ட் வைலி என்ற புனைபெயரில். எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, ஆரம்பத்தில் தன்னோடு நடித்தவர்களிடமே சொல்லாமல் எழுதிக் கொடுத்தவர். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பெரிசு.

2006-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் பார்க்கருக்கு நினைவு வழிபாடு நடந்தபோது ஊர்வலத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் ஏந்திப் போனார்கள். அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.