திரும்பிவந்த சாப்பாட்டுத் தட்டு

அந்த அம்மாவின் புண் ஆறு வாரமாக அசையவே இல்லை. வால் எலும்புக்கு மேலே வந்த படுக்கைப் புண். வாரம் ஒருமுறை காகித ஸ்கேலை வைத்து அளந்து குறிப்பேன். நீளம் 4 சென்டிமீட்டர், அகலம் 3. அடுத்த வாரமும் அதே 4, அதே 3. சீழ் இல்லை, வாடை இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்துக்கொண்டுதான் இருந்தோம். டிரெஸ்ஸிங் வகையை மூன்று முறை மாற்றியாயிற்று. ஆறுகிற புண் என்றால் அடியிலிருந்து சதை பொடிப்பொடி மணிகளாகச் சிவந்து, ஈரமாக மேலே எழும்பி வரும். இது வெளிறிப்போய், வழவழவென்று கிடந்தது.

ஒருநாள் காலையில் செய்ய வேண்டிய டிரெஸ்ஸிங் மதியம்வரை தள்ளிப்போய்விட்டது. நான் போனபோது மதியச் சாப்பாட்டுத் தட்டை எடுக்க ஆள் வந்திருந்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். ஓரத்தில் இரண்டு வாய் எடுத்த தடம். ஸ்பூன் பாதி காய்ந்திருந்தது.

"சாப்பிடலையாம்மா?"

"வாய்க்கு எதுவுமே ருசிக்கல சிஸ்டர். எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு."

சார்ட்டைப் புரட்டினேன். தினமும் 'உணவு: சாதாரணம்' என்று எழுதியிருந்தது. அதில் பாதி நாள் என் கையெழுத்து. சேர்க்கும்போது 56 கிலோ இருந்தவரை அன்று எடை பார்த்தால் 50. அந்த ஆறு கிலோ எங்கள் கண்முன்னால்தான் கரைந்திருக்கிறது. நாங்கள் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

படுக்கைப் புண் உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதமும், 30 முதல் 35 கலோரியும் ஒரு நாளைக்கு வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அவருக்கு அது சுமார் 63 முதல் 75 கிராம் புரதம். டயட்டீஷியன் கணக்குப் போட்டபோது உள்ளே போவது அதில் பாதிகூட இல்லை. கலோரி குறைந்தால் உடம்பு புரதத்தையே எரித்துவிடும். புதுச் சதை கட்ட மிச்சம் இருக்காது. தசையைக் கரைத்துக் கரைத்துத்தான் உயிரை ஓட்டும்.

ஜிங்க், அதாவது துத்தநாகம் என்ற தாதுச்சத்தின் கதை இதற்குள்தான் வருகிறது. உடம்பு முழுக்கச் சேர்த்தாலே இரண்டு, மூன்று கிராம்தான் ஜிங்க் இருக்கும். பெரும்பகுதி தசையிலும் எலும்பிலும். இரும்புக்கு இருப்பதுபோல அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளத் தனிச் சேமிப்பு இதற்குக் கிடையாது, அன்றாடம் வந்தாக வேண்டும். 300-க்கும் மேற்பட்ட என்சைம்கள் அதை நம்பியிருக்கின்றன. புதுச் செல் பிரிவதற்கு அது வேண்டும். தோலையும் தசைநாரையும் தாங்கும் புரத இழையான கொலாஜன் சிதைந்துபோனால், அதை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்யும் என்சைம்களுக்கும் அது வேண்டும். புண்ணிலிருந்து கசியும் நீரிலும், வயிற்றுப்போக்கிலும் வெளியே போய்க்கொண்டும் இருக்கும். குறைந்துபோனால் முதலில் அடிபடுபவற்றில் ஒன்று நாக்கு. ருசி போகும், ருசி போனால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் ஜிங்க் இன்னும் குறையும். "மண்ணு மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னதில் இவ்வளவும் இருந்திருக்கலாம்.

மூன்று வேளையை ஆறு சின்ன வேளையாகப் பிரித்தோம். புரதம் கூட்டினோம். டாக்டர் சில வாரங்களுக்கு மட்டும் ஜிங்க் எழுதினார். அப்புறம் ஒரு விஷயம், பல்செட். இளைத்ததில் ஈறு சுருங்கி அது ஆடிக்கொண்டிருந்தது. மெல்லும்போது வலித்திருக்கிறது, சொல்லவில்லை. அதையும் சரி செய்தோம். மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தபோது புண்ணின் அடி சிவந்திருந்தது. அதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

அன்று அதை நான் பிரித்து யோசிக்கவும் இல்லை. ஜிங்க்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. 1967-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பற்றி வேறு படித்திருந்தேன். அறுவைக்குப் பின் ஜிங்க் சல்பேட் சாப்பிட்ட இளைஞர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறியது என்று சொன்ன ஆய்வு அது. பிற்பாடு கால் புண்களில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லோருக்கும் கொடுத்தால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குறைபாடு உள்ளவருக்குத்தான் அது மருந்து. அந்தப் பாதியை நான் படிக்கவில்லை.

குதிகால் தசைநார் தைத்த ஒரு பையனுக்கு டிஸ்சார்ஜ் சமயத்தில் நான்தான் சொன்னேன், "ஜிங்க் மாத்திரையை விடாம போடுப்பா" என்று. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. 220 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட்டில் 50 மில்லிகிராம் ஜிங்க் இருக்கிறது. பெரியவர்களுக்கு நாள் உச்சவரம்பாகச் சொல்லப்படுவது 40. அவன் அதை நாளுக்கு மூன்று போட்டிருக்கிறான், பத்து மாதம். மூச்சு வாங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளாடுகிறது என்று திரும்பி வந்தான். ரத்தசோகை, வெள்ளை அணுக்கள் குறைவு, ரத்தத்தில் காப்பர் அநேகமாக இல்லை.

ஜிங்க் அதிகமானால் குடல் செல்களில் மெட்டலோதயோனின் என்ற புரதம் பெருகும். அது காப்பரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் செல்கள் உதிரும்போது காப்பரும் கூடவே போய்விடும். கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்து முறுக்கேற்றும் என்சைமுக்குக் காப்பர்தான் ஆதாரம். தையல் போட்ட தசைநார் உறுதிப்பட வேண்டும் என்று நான் சொன்ன மாத்திரை, அந்த உறுதிக்கு வேண்டியதையே வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஜிங்க்கை நிறுத்தி, காப்பர் கொடுத்ததில் ரத்தம் சில வாரங்களில் தேறியது. பாத மரப்பு முழுசாகப் போகவில்லை. இதை எழுதும்போதும் அந்தப் பையனின் நடைதான் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு, டாக்டர் எழுதிக்கொடுக்கும் எந்தச் சத்து மாத்திரைச் சீட்டிலும் நிறுத்த வேண்டிய தேதியைக் கேட்டுச் சிவப்பு மையில் எழுதாமல் நான் விடுவதில்லை. ரத்தத்தில் ஜிங்க் குறைவு என்று ரிசல்ட் வந்தாலும் உடனே பதறுவதில்லை. உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஜிங்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் எண் இறங்கித்தான் தெரியும். என்ன சாப்பிடுகிறார், வயிற்றுப்போக்கு உண்டா, குடிப்பழக்கம் உண்டா, நீர் பிரிய மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டால் கூடுதலாகத் தெரியவரும்.

தழும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1740-ல் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜார்ஜ் ஆன்சனின் கடற்பயணத்தில், வைட்டமின் சி கிடைக்காமல் ஸ்கர்வி வந்த ஒருவருக்கு ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டதாகப் பயணக் குறிப்பு சொல்கிறது. ஆறிய இடத்திலும் கொலாஜன் சிதைந்து, மறுபடி கட்டப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மூன்று மாதம் கழித்தும் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் 80 சதவீதம் போலத்தான் வரும்.

அந்த அம்மாவின் கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று புண் இருந்த இடத்தில் மெல்லிய, பளபளப்பான தோல். மகள் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அதான் ஆறிடுச்சே. இந்தச் சத்து மாவெல்லாம் இனி வேணாமில்ல?"

"இன்னும் மூணு மாசம்மா," என்றேன்.

அந்த அம்மா முகத்தைச் சுளித்தார். அப்புறம் மகளைப் பார்த்து, "அந்த டப்பாவையும் பையில வை," என்றார்.